ஒரு வருஷம் வரும் என்று அட்டையில் போட்டிருந்த பேட்டரி

ரிமோட் பார்க்கிறவனைத் தேடி யாரும் ரிமோட்டோடு வருவதில்லை, கோபத்தோடுதான் வருகிறார்கள்.

ஏசி மெக்கானிக்குகளே, வாட்டர் ஃபில்டர் மாட்டுகிறவர்களே, வாஷிங் மெஷினைக் குப்புறக் கவிழ்த்து அதற்குள் காணாமல் போன சாக்ஸைத் தேடுகிறவர்களே, நீங்களெல்லாம் என் கட்சி. கதவைத் திறந்ததும் "இப்பத்தான் வர்றீங்களா?" என்று கேட்கும் முகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் படித்தால் படித்துக்கொள்ளட்டும்.

எங்கள் கடை ஒரகடம் கூட்டு ரோட்டுப் பக்கம். வீட்டிலிருக்கிற லைட், ஃபேன், ஏசி, டிவி எல்லாவற்றையும் ஒரே ரிமோட்டில் அடக்கிக் கொடுப்பது தொழில். சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டுவோம். ரிமோட் பெட்டிக்குச் சொல்லும், பெட்டி ஃபேனுக்குச் சொல்லும், ஃபேன் சுற்றும். ரிமோட்டுக்குள் ரெண்டு பென்சில் பேட்டரி. அது ஒரு வருஷம் வரும் என்று அட்டையில் அச்சடித்திருக்கும். அச்சடித்த மகராசன் எந்த ஊரோ தெரியாது. இந்தப் பக்கம் வந்ததே இல்லை, அது மட்டும் நிச்சயம். எனக்கு வருகிற புகாரில் பாதிக்கு மேல் ஒரே பல்லவிதான்: பேட்டரி உடனே தீர்ந்துபோகிறது.

முதல் போன்

கடையில் போன் எடுப்பது பிரேமா. புகார் சொன்னவரின் குரலை அப்படியே நடித்துக் காட்டிவிட்டுத்தான் அட்ரஸ் சொல்வாள். அன்றைக்கு நடிக்கவில்லை. "அண்ணா, இத மொதல்ல பாத்துட்டு வந்துருங்க" என்று மட்டும் சொன்னாள்.

வல்லம் வடகால் போகிற வழியில் ஒரு மாடி போர்ஷன். செல்வி என்கிற பெண், போன் பாகம் செய்கிற கம்பெனியில் லைன் லீடர். வீட்டுக்காரர் ஏழுமலை. சர்வீஸ் ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி அவர் பைக்கை உரசிவிட்டுப் போய்விட்டது. வலது காலில் பிளேட், வலது கையில் மாவுக்கட்டு, படுத்த படுக்கை. செல்வி ஷிப்டுக்குப் போய்விட்டால் துணைக்கு ஆள் கிடையாது. பக்கத்து போர்ஷன் அக்கா மத்தியானச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுத் தானும் வேலைக்கு ஓடிவிடும். போன் பண்ணலாமே என்பீர்கள். செல்வியின் போன் ஷிப்ட் முடிகிறவரை கம்பெனி லாக்கரில் கிடக்கும். ஆகவே அந்த மனுஷனுக்கு இடது கையும் அந்தக் கையில் எங்கள் ரிமோட்டும்தான் துணை. மேலே வெறும் காங்கிரீட் தளம், புரட்டாசி வெயில். கரண்ட் அடிக்கடி போகும். போய்விட்டு வந்தால் எங்கள் பெட்டி எல்லாவற்றையும் ஆஃபிலேயே வைத்திருக்கும். பாதுகாப்பாம். அவர் ரிமோட்டை அமுக்கினால்தான் ஃபேன் மறுபடி சுற்றும். மாட்டி எட்டே நாளில் பேட்டரி தீர்ந்துவிட்டது. சுவரிலிருக்கும் சுவிட்சை எட்டிப் பிடிக்கிறேன் என்று கட்டிலைப் பிடித்து எழுந்தவர் கீழே விழுந்திருக்கிறார். பிளேட் நகரவில்லை, அது தெய்வச் செயல். இன்னொரு முறை விழுந்தால் மறுபடி ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நல்ல கம்பெனி பேட்டரியாகப் பார்த்து மாற்றினேன். கூடுதலாக ஒரு ஜோடியைத் தலைமாட்டில் வைக்கலாம் என்றால், அந்த மாடலில் மூடிக்கு ஒரு பொடி ஸ்க்ரூ. ஒற்றைக் கையால் திறக்க முடியாது. இனிமேல் தொந்தரவு வராது என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு எழுந்தேன். வாசல்வரை வந்த செல்வி சொன்னாள்: "டிவி பாக்கற ரிமோட்டுன்னா நான் போனே பண்ணியிருக்க மாட்டேன் சார். எங்க வூட்டுக்காரருக்கு இப்ப இதான் காலு. இது நின்னுச்சுன்னா நான் வேலைய விட்டுட்டு அவர் பக்கத்துல உக்கார வேண்டியதுதான்."

சந்தனம்

ஆயுத பூஜை முடிந்த வாரம் எங்களுக்கு ரொம்ப விசேஷமான வாரம். வடக்குப்பட்டில் ஒரு வீடு. வீட்டுக்காரர் இரும்புத் தகட்டை அமுக்கி வளைக்கிற பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். கம்பெனியில் மெஷினுக்குப் பூஜை போட்ட கையோடு வீட்டுக்கு வந்து மிக்சி, கிரைண்டர், பைக், பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் என்று ஒன்றையும் விடாமல் சந்தனம் குழைத்து அப்பிக் குங்குமம் வைத்திருக்கிறார்கள். நம்ம ரிமோட்டுக்கும் மரியாதை நடந்திருக்கிறது. அதுவும் எங்கே? நட்ட நடுவில், ஏசி பட்டன் மேலே. சந்தனம் பட்டன் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, அமுங்கின பட்டன் அமுங்கினபடியே நின்றுவிட்டது. பூஜையன்றிலிருந்து அந்த ரிமோட் ராப்பகலாக "ஏசி, ஏசி, ஏசி" என்று பெட்டியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பேட்டரி பின்னே எப்படித் தாங்கும்?

பல் குத்துகிற குச்சியால் சந்தனத்தைச் சுரண்டினேன். அந்த வீட்டு அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே, நான் ஏதோ கோயில் விக்கிரகத்தைச் சுரண்டுகிற மாதிரி பதறிப்போய் நின்றது. "அடுத்த வருஷம் பின்பக்கமாகப் பொட்டு வையுங்கள், பட்டன் மேல வேண்டாம்" என்று பதமாகத்தான் சொன்னேன். அந்த அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "வண்டிக்குந்தான் பூசனோம், மிக்சிக்குந்தான் பூசனோம். அதெல்லாம் நல்லாத்தானே ஓடுது? உங்க சாமானுக்குத்தான் சாமி ஒத்துக்கல!"

மறுபடியும் செல்வி வீடு

எட்டு நாள் வந்த பேட்டரி இந்தத் தடவை ஆறாவது நாளே போய்விட்டது. நல்லவேளை, செல்விக்கு அன்று வீக் ஆஃப். நான் போனதும் முதலில் சந்தனம் இருக்கிறதா என்று பார்த்தேன். துளி இல்லை. அந்த ரிமோட் துடைத்துவைத்த குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று இருந்தது. பட்டன் ஒட்டவில்லை, பேட்டரி முனையில் துரு இல்லை. பெட்டி ஹாலில் இருந்தது. தூரம் அதிகமோ என்று கழற்றிக் கட்டிலுக்கு நேர் எதிரே மாட்டினேன். அப்படியும் மனசு ஆறாமல் ரிமோட்டையே புதுசாக மாற்றிக் கொடுத்தேன். இதற்கு மேல் மாற்ற என்னைத்தான் மாற்ற வேண்டும்.

பழைய ரிமோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டே, "சனியன், எந்த நேரத்துல செஞ்சானோ" என்று திட்டினேன். ஏழுமலை படுத்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தார். "அத திட்டாதீங்க சார். அது இன்னா பண்ணும், பாவம்? என் கைல மாட்டிக்கினு கீது."

டபுள் டூட்டி

செல்வி வீட்டுக்கு நேர் எதிரே இன்னொரு மாடி. அங்கே ஒரே ரூமில் ஆறு பையன்கள், எல்லாரும் திருநெல்வேலி, தென்காசிப் பக்கம். வீட்டு ஓனர் மாடியை வாடகைக்கு விடும்போதே ஏசியும் எங்கள் ரிமோட்டும் மாட்டிவிட்டிருந்தார். அங்கேயும் அதே புகார். போய்ப் பார்த்தால், ரெண்டு பேர் தூங்குகிறார்கள், ரெண்டு பேர் குளிக்கக் கிளம்புகிறார்கள், ரெண்டு பேர் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறார்கள். வருகிறவனுக்கு ஏசி வேண்டும், தூங்குகிறவனுக்குக் குளிரும், கிளம்புகிறவனுக்கு லைட் வேண்டும், தூங்குகிறவனுக்குக் கண் கூசும். ரிமோட் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

இந்த ரிமோட்டுக்கு ஒரு குணம் உண்டு. அசைந்தால் விழித்துக்கொண்டு தன் பட்டன் விளக்கைப் போடும், சும்மா வைத்தால் தூங்கிவிடும். ஆறு பேர், மூன்று ஷிப்ட். அது எப்போது தூங்கும்? போதாக்குறைக்குப் பாய்க்கு அடியில் வேறு செருகி வைத்திருந்தார்கள். புரண்டு படுத்தால் முதுகே நாலு பட்டனை அமுக்கிவிடும். சுவரில் ஒரு ஸ்டாண்டு அடித்து, எடுத்தால் இங்கேயே வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். அவர்களில் முத்து என்கிற பையன் ரிமோட்டை வாங்கித் தடவிப் பார்த்தான். "எங்களுக்காவது வாரத்துக்கு ஒரு நா லீவு இருக்குல்லாண்ணே. இது வந்த நாள்லேந்து டபுள் டூட்டி பாக்குது."

ஜோடி

இது சின்னக் கதை. ஒருத்தர், கியர் செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். ரிமோட்டைத் திறந்தால் உள்ளே ஒரு பேட்டரி புத்தம் புதுசு, இன்னொன்று சுவர்க் கடிகாரத்தில் கிடந்து ஓய்வு பெற்றது. ஏன் இப்படி என்றேன். "எங்க லைன்ல புது ஆள் வந்தா பழைய ஆளோடதான் சார் ஜோடி போடுவோம். கூட நின்னு பழகிக்கும்ல?" என்றார் ரொம்பத் தெளிவாக. ஐயா, பேட்டரி அப்படிப் பழகாது, பழசு தானும் வேலை செய்யாமல் புதுசையும் உறிஞ்சிவிடும், ரெண்டும் சேர்ந்து படுத்துவிடும் என்று விளக்கினேன். தலையாட்டினார். "அப்ப எங்க லைன்ல நடக்கறதும் இதான் சார். புதுசா வர்றவன்தான் மொதல்ல காலியாவுறான்."

பீரோவுக்குள் பெட்டி

வல்லம் வடகாலில் மூன்று மாடி வீடு. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்தபோது நிலத்தை விற்றுக் கட்டின வீடு. வீட்டுக்காரர் பெரியவர், வெள்ளை வேட்டி, கறார்ப் பேச்சு. ரிமோட்டைப் பார்த்தேன், குறையே இல்லை. பெட்டி எங்கே என்று கேட்டேன். பெரியவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். பெட்டிக்கு எதற்குச் சாவி என்று விழித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பெட்ரூமில் இரும்பு பீரோ. அதைத் திறந்து, உள்ளே லாக்கரைத் திறந்தார். பட்டுப்புடவைக்கும் நகைப்பெட்டிக்கும் நடுவே நம்ம வெள்ளைப் பெட்டி பச்சை லைட்டோடு உட்கார்ந்திருந்தது. ஒயர் போக பீரோவின் முதுகில் ஓட்டை வேறு போட்டிருந்தார்.

இரும்புக்குள் பூட்டி வைத்தால் ரிமோட் சொல்வது அதற்குக் கேட்காது, கேட்கிறவரைக்கும் ரிமோட் கத்திக்கொண்டே இருக்கும், கத்திக் கத்தியே பேட்டரி செத்துவிடும் என்றேன். அரைமணி நேரம் மன்றாடிய பிறகு பெட்டியை வெளியே மாட்டச் சம்மதித்தார். மாட்டி முடித்ததும் எலுமிச்சம்பழம், பச்சைமிளகாய் கோத்த கயிறு ஒன்றைக் கொண்டுவந்து அதன் கீழே தொங்கவிட்டார். "நெலத்த வித்துட்டு வாங்கின சாமான் தம்பி. வெளிய வெச்சா வர்றவன் போறவன் கண்ணெல்லாம் இது மேலதான் வுழும்."

திட்டாத வீடு

மூன்றாம் தடவை செல்வி கூப்பிட்டபோது பேட்டரி நாலு நாள்தான் வந்திருந்தது. எதை மாற்றினாலும் முன்னைவிடச் சீக்கிரம் தீர்கிறதே, இது என்னடா கொடுமை என்று எனக்குத் தலையே சுற்றியது. அன்று மத்தியானம் ஃபேன் ஆஃப் ஆனது. திரும்ப ஆன் ஆகவில்லை. செல்வி ஷிப்ட் முடிந்து வருகிறவரை ஏழுமலை அந்தத் தளத்துக்குக் கீழே வெந்துகொண்டு கிடந்திருக்கிறார். இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. பக்கத்துப் போர்ஷன் அக்காவுக்குக் கேட்கட்டும் என்று ஒரு டம்ளரால் சுவரைத் தட்டியிருக்கிறார்; அந்த வீடு பூட்டியிருந்தது. டம்ளர் நசுங்கிக் கட்டிலுக்கடியில் கிடந்தது.

வாய்க்கு வந்தபடி திட்டப்போகிறாள் என்று தயாராகத்தான் போனேன். சகோதரர்களே, திட்டுகிற வீடு நமக்கு எவ்வளவோ தேவலை. அவள் டீ கொடுத்தாள். வேலையை விடுவதாகத் தன் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். இந்த வாரம் முடித்துவிட்டுத் திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தால் போதும் என்று அவர் சொல்லிவிட்டாராம். டிரெய்னியாகச் சேர்ந்து, நின்று நின்று கால் வீங்கி, லைன் லீடர் ஆனவள். ஏழுமலை அந்தப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். வேறு வழி தெரியாமல் மறுபடியும் புது பேட்டரியே போட்டேன். செல்வி காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். "வுடுங்க சார். நீங்களுந்தான் இன்னா பண்ணுவீங்க?"

எதிர் வீட்டு வெளிச்சம்

சனிக்கிழமை காலை முத்து போன் பண்ணினான். ஸ்டாண்டு கழன்றுவிட்டது என்று கூப்பிட்டிருந்தான். நான் போய் ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தபோது அவன் ஜன்னலைச் சாத்தினான். வெளிச்சம் வேண்டும், திறடா என்றேன். "இல்லண்ணே, நைட் ஷிப்டு பாத்துட்டு வந்து உறங்கலாம்னு படுத்தா எதுத்த வீட்டு லைட்டு கண்ணுல அடிக்கி. எரியுது, அணையுது, எரியுது, அணையுது. அங்கனயும் ஏதோ கோளாறு போல. நீங்கதான மாட்டினீய? ஒரு எட்டு பாத்துட்டு வந்துருங்க" என்றான். ஜன்னலைத் திறந்து பார்த்தேன். ஏழுமலையின் அறை. டியூப் லைட் அணைந்தது, எரிந்தது. ஃபேன் நின்றது, சுற்றியது. டிவி அணைந்தது, வந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. மறுபடியும் லைட்டில் ஆரம்பம். ஸ்க்ரூ டிரைவரை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. ஏழுமலை என்னைப் பார்த்து, "இன்னா சார், கூப்புடாமலே வந்துகீறீங்க" என்றார். லைட் ஏன் எரிந்து எரிந்து அணைகிறது என்றேன். "செக்கிங் சார்" என்றார், அது தெரியாதா என்கிற மாதிரி. அவருடைய கம்பெனியில் கார் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற சுவிட்ச் செய்கிறார்கள். கடைசி டெஸ்டிங் இவர்தான். ஒவ்வொரு பட்டனையும் ரெண்டு தபா அமுக்க வேண்டும்: ஒன்று ஆன், ஒன்று ஆஃப். அமுக்கிப் பார்க்காமல் ஒரு பீஸ் கூட அவரைத் தாண்டிப் போனதில்லையாம். சரி, இங்கே எதற்கு என்றேன். "கரண்ட் எப்போ பூடும்னு யாருக்குத் தெரியும்? போயிட்டு வரச்சொல்ல இது வேலை செய்யலன்னா? அதான் அப்பப்போ அமுக்கிப் பாத்துக்குவேன், உசுரு கீதான்னு." அப்பப்போ என்றால் எப்போது? "மொதல்ல மணிக்கொரு தபா. அது ஒரு வாட்டி நின்னப்புறம் பயமாப் பூட்ச்சு, அரை மணிக்கொரு தபா. இப்போ செல்வி வேலைய வுடறேன்னு சொன்னதுலேர்ந்து..." என்று இழுத்தார். "சும்மா கைலயே வெச்சினு கீறேன் சார். இது நின்னாத்தானே அவ வேலைய வுடுவா? நிக்காம பாத்துக்கினா போதும்ல?"

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பேட்டரி தீர்ந்துவிடுமோ என்கிற பயத்தில் அமுக்கி அமுக்கியே தீர்த்திருக்கிறார் மனுஷன். நான் பேட்டரி மாற்ற மாற்ற அவருக்குப் பயம் ஏற, பயம் ஏற ஏற பேட்டரி சீக்கிரம் போயிருக்கிறது. ஃபேன் எப்போதும் ஆஃபிலேயே நின்றதும் இப்போது புரிந்தது: ஆஃபுக்கு அமுக்கினபோது கடைசி மூச்சை விட்டிருக்கிறது, ஆனுக்கு அமுக்கினபோது அதில் ஒன்றும் இல்லை. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. மெதுவாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. ரிமோட்டைப் போர்வை மேல் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். "அப்போ அவ வேலைக்கு ஒல வெச்சது நான்தானா சார்?"

வயர்

இனிமேல் தேவையில்லாமல் அமுக்காதீர்கள் என்று சொன்னேன். சரி சார் என்றார். சரி சார் என்று சொல்லும்போதே கட்டைவிரல் போர்வை மேல் ஊர்ந்து ரிமோட்டைத் தேடியது. பயத்தைப் போய் "நீ இருக்காதே" என்றால் அது கேட்குமா? அவர் இடத்தில் நான் படுத்திருந்தால் ரிமோட்டைத் தேய்த்தே ஓட்டை போட்டிருப்பேன்.

நேராக எலக்ட்ரிகல் கடைக்குப் போனேன். பழைய லாட்ஜுகளில் கட்டிலோரம் ஒயரில் தொங்குமே, கைக்கு அடக்கமாக ஒரு சுவிட்ச், அது ஒன்று வாங்கினேன். கடைக்காரரே அதைத் தூசி தட்டித்தான் கொடுத்தார். ஃபேனுக்குப் பெட்டியும் வேண்டாம், ரிமோட்டும் வேண்டாம் என்று ஒயரை நேராக இழுத்துச் சுவிட்சை அவர் இடது கைப்பக்கம் கட்டினேன். கரண்ட் போய்விட்டு வந்தால் ஃபேன் தானாகச் சுற்றும், யாரும் எதையும் அமுக்க வேண்டாம். ஏழுமலை ஒரு தடவை அமுக்கினார், நின்றது. இன்னொரு தடவை, சுற்றியது. இன்னும் ரெண்டு தடவை. அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் இதுவரை எந்தக் கஸ்டமர் முகத்திலும் பார்த்ததில்லை. "இத்த எவ்ளோ அமுக்கினாலும் தீராதா சார்?" என்றார். விடிய விடிய அமுக்குங்கள், தீராது என்றேன்.

கடைக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். பிரேமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு வாசலில் தொங்குகிற எங்கள் போர்டைக் காட்டினாள். "வயரே இல்லாத வூடுன்னு வெளிய எழுதிப் போட்டுக்கினு, நீங்க போற எடமெல்லாம் வயர் இழுத்துட்டு வர்றீங்களேண்ணா?"

புதுப் புகார்

திங்கட்கிழமை செல்வி எழுதிக் கொடுக்கவில்லை. அந்த வாரமும் கொடுக்கவில்லை. தீபாவளி வந்து போனது. ரிமோட்டில் அதே பேட்டரி. லைட்டுக்கும் டிவிக்கும் மட்டும் எப்போதாவது எடுக்கிறாராம். நான் வழியில் போகும்போதெல்லாம் எதிர் வீட்டு முத்துவைத் தலையை நீட்டச் சொல்லி விசாரிப்பேன். எதிர்வீட்டு லைட் ஒழுங்காக எரிகிறது, ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வந்து நன்றாக உறங்குகிறோம் என்பான்.

அப்புறம் ஒருநாள் பிரேமா போனை வைத்துவிட்டு, "செல்வி வூட்லேர்ந்து கம்ப்ளைன்ட்" என்றாள். ஹெல்மெட்டைக்கூட மாட்டாமல் கிளம்பி, பாதி வழியில் போலீஸ்காரரிடம் மாட்டி, அவரிடமும் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தேன். ஏழுமலை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாவுக்கட்டு போயிருந்தது. வாக்கர் பிடித்து நாலடி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தலைமாட்டில் ஃபேன் சுவிட்ச் தொங்கியது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு தடவை அமுக்கினார், ஃபேன் நின்றது. இன்னொரு தடவை அமுக்கினார், சுற்றியது. அடுப்படியிலிருந்து செல்வி கம்பெனிக் கோட்டோடு வெளியே வந்தாள். ரெண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். என்னம்மா புகார் என்றேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரை முறைத்தாள். முறைக்கப் பார்த்தாள், முடியவில்லை; சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "ரிமோட்டே தேவல சார், அமுக்கினா சத்தம் வராது. நான் ஷிப்டு முடிச்சிட்டு வந்து கண்ண மூடினா தலமாட்டுல டக்கு டக்கு, டக்கு டக்கு. இத்த சத்தம் இல்லாம ஆக்கித் தருவீங்களா, இல்ல நான் வேலைய வுடட்டுமா?"

ரிமோட்டுக்குள் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று காட்ட என் பையில் ஒரு மீட்டர் இருக்கிறது, அதைப் பிடித்திருக்கிற ஆளுக்குள் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க மட்டும் இன்னமும் வீட்டுக்குப் போய், திட்டு வாங்கி, ஒரு டீ குடிக்க வேண்டியிருக்கிறது.